மனப்பாடத்துக்குப் பின் பொருள்

கேள்வி: கல்தச்சர்களின் கருவிகளை அடையாளமாகக் கொண்டு நல்லொழுக்கம் கற்பிக்கும் ஃப்ரீமேசன் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞருக்கு வழிகாட்டும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். சடங்கு வாசகங்களைத் தவறின்றி ஒப்பிக்கும் அவர், பொருள் கேட்டால் விழிக்கிறார். எப்படி விளக்குவது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மனப்பாடத்தைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள், தேவாரம் பாடும் பிள்ளைகளுக்கும் வாயில் ஏறிய பிறகுதான் பொருள் தெளிகிறது. சங்கத்தில் உறுப்பினர் ஒவ்வொன்றாக ஏறும் படிநிலைகளில் முதலாவதில் காட்டப்படும் கருவிகள் 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி ஆகிய மூன்றே. அளவுகோலின் 24 அங்குலங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பவை; அதை வழிபாடு, உழைப்பு, பிறருக்கு உதவுதல், ஓய்வு எனப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே சடங்கின் கருத்து. ஒரு தாளில் 24 கோடுகள் இட்டு, நேற்றைய பொழுது எங்கெங்கே கழிந்தது என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். உதவிக்கு ஒரு கோடுகூட மிஞ்சவில்லை என்பதை அவர் தம் கண்ணாலேயே காணும் இடத்தில், நீங்கள் ஒரு மணி நேரம் பேசியும் விளங்காதது விளங்கிவிடும்.

உளிக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்று, சிற்பக்கூடம் ஒன்றில் சிறிது நேரம் உட்கார வையுங்கள். சிற்பி கல்லில் எதையும் சேர்ப்பதில்லை, வேண்டாததைச் சில்லுச் சில்லாகக் கழிக்கிறார். சடங்கில் வரும் செதுக்காத கல் புதிய உறுப்பினர்தான். மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு ஆகியவை இரண்டாம் படிநிலைக்கு உரியவை. அவர் அங்கே வந்து சேரும்வரை அவற்றைப் பற்றிப் பேசாதிருப்பதே முறை.