மகனின் மூளையில் ரத்தக்குழாய் வீக்கம்: பெரியவனாகும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. சைக்கிளில் இருந்து விழுந்ததால் அன்றே தலையில் ஸ்கேன் எடுத்தோம். அடியால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் 9 மில்லிமீட்டர் அளவில் 'அனூரிசம்' இருக்கிறதாம். ஒரு மருத்துவர் தொடை வழியாகக் குழாய் செலுத்தி அடைக்கலாம் என்கிறார். இன்னொருவர் மண்டையைத் திறந்து கிளிப் போடுவதே நல்லது என்கிறார். பையன் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறான். பெரியவனாகும் வரை காத்திருக்கலாமா? அவனிடம் இதைச் சொல்லலாமா? பயத்தில் தூக்கமே இல்லை.

பதில்: முதலில் ஒன்று. அவனைச் சைக்கிள் ஓட்ட விட்டதால்தான் இது வந்தது என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். தலையில் அடிபட்டு உருவாகும் அனூரிசம் பெரும்பாலும் சில நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் தலைகாட்டும். விழுந்த அன்றே தெரிந்த இது, அநேகமாக முன்பே இருந்திருக்கும். வெடிப்பதற்கு முன்பே கண்ணில் பட்டதே பெரிய விஷயம்.

சைக்கிள் டியூபில் நைந்துபோன இடம் மட்டும் காற்றின் அழுத்தத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். குழந்தைகளுக்கு இது அபூர்வம். எல்லா வயதிலும் சேர்த்துக் கண்டுபிடிக்கப்படும் மூளை அனூரிசங்களில் குழந்தைகளின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு.

காத்திருக்கலாமா? வருடக்கணக்கில் வேண்டாம் என்பதே என் கருத்து. வயதானவருக்குச் சிறிய வீக்கம் இருந்தால் வெறுமனே கண்காணித்துக்கொண்டிருப்பது உண்டு. உங்கள் மகன் இன்னும் அறுபது, எழுபது வருடம் வாழ வேண்டியவன். வெடிக்கும் அபாயம் அத்தனை வருடமும் கூடவே வரும். அதே சமயம், நாளைக் காலையே செய்தாக வேண்டும் என்றும் பதற வேண்டாம். நல்ல மருத்துவக் குழுவைத் தேடச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, வாந்தி, வலிப்பு, மயக்கம், ஒரு கண் இமை தொங்குவது, பொருட்கள் இரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் தவறு என்று அர்த்தமில்லை. 'காயில்' முறையில் தொடைத் தமனி வழியே நுண்குழாயை மூளை வரை கொண்டுபோய், மெல்லிய பிளாட்டினம் கம்பிச் சுருளால் வீக்கத்தை உள்ளிருந்து நிரப்புவார்கள். மண்டையைத் திறக்க வேண்டாம், சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் காலப்போக்கில் சுருள் அமுங்கி, வீக்கத்துக்குள் மறுபடி ரத்தம் புகலாம். 'கிளிப்' என்பது வீக்கத்தின் கழுத்தை வெளியிலிருந்து கவ்விப் பிடிப்பது. அறுவை பெரியது, ஆனால் பொதுவாக நீண்ட காலம் நிலைக்கும். 2002-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வெடித்த அனூரிசம் உள்ள 2,143 பேரை ஒப்பிட்டபோது காயில் செய்தவர்களே ஓராண்டு முடிவில் மேலான நிலையில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அதை அப்படியே 9 வயதுப் பையனுக்குப் பொருத்த முடியாது.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் கேட்பேன்: "இவன் வீக்கத்தின் கழுத்து குறுகலா, அகலமா? நீங்கள் சொல்லும் முறை இவன் வளர்ந்து பெரியவனான பிறகும் தாங்குமா?" கழுத்து அகலமாக இருந்தால் காயில் நழுவாமல் இருக்க ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைக்க நேரலாம். அப்படி வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் பல மாதம் தேவைப்படும். ஓடி விழும் வயதில் அது சின்ன விஷயமல்ல. தவிர, ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு ஃப்ளூ காய்ச்சலோ அம்மையோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரேய் நோய்க்குறி என்ற ஆபத்தான பாதிப்பு வரலாம். நீங்களாகவும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கிளிப், காயில் இரண்டையும் செய்பவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்து முடிவெடுக்கும் மருத்துவமனை கிடைத்தால் அங்கேயே போங்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர்கள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம், ஏன் வந்தது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கையிலும் காலிலும் ரத்த அழுத்தம் அளப்பது, இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்ற விசாரணை ஆகியவை முக்கியம். இதய வால்வில் கிருமித்தொற்று இருந்து அதனால் வந்திருந்தால் சிகிச்சையே வேறு. வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். பல குழந்தைகளுக்குக் காரணமே தெரியாமலும் போகும்.

எந்த முறையானாலும் அதோடு முடிந்துவிடாது. வேறு இடத்தில் புதிதாக வீக்கம் வரலாம் என்பதால், வளர்ந்த பிறகும் அவ்வப்போது ஸ்கேன் தேவை. கிளிப் அல்லது காயில் பற்றிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எம்ஆர்ஐ எடுக்கும்போது கேட்பார்கள்.

அவனிடம் சொல்லலாமா? சொல்லுங்கள். நீங்கள் ரகசியமாகப் பேசுவதை அவன் ஏற்கெனவே கவனித்திருப்பான். ரத்தக்குழாயில் ஒரு இடம் புடைத்திருக்கிறது, அதைச் சரிசெய்யப் போகிறார்கள், நீ தூங்கிக்கொண்டிருப்பாய், அப்போது வலிக்காது என்று சொன்னால் போதும். முடி மழிப்பார்கள் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கண் விழிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க அனுமதிப்பார்களா என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். முடியும் என்று அவர்கள் சொன்னால் மட்டும் அந்த வாக்கை அவனுக்குக் கொடுங்கள்.