வெடிவாயு உள்ள இடத்துக்கு மின் ஹீட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எரியக்கூடிய வாயுவோ ஆவியோ தூசியோ காற்றில் கலந்து நிற்கக்கூடிய ஆலைகளுக்கு மின் ஹீட்டர் வாங்குவது, பொருத்துவது, இயக்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கரைப்பான் டிரம்கள் வைத்திருக்கும் அறைக்கு ஐபி66 தரமுள்ள ஹீட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டோம். தண்ணீரே புகாத பெட்டிக்குள் ஆவி எப்படிப் புகும்? எங்கள் பாதுகாப்பு அலுவலர் வீணாகப் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். (கிடங்கு மேலாளர்)

பதில்: அவர் சொல்வதுதான் சரி. இன்றே மின்சாரத்தைத் துண்டித்து அந்த ஹீட்டரைக் கழற்றிவிடுங்கள். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் நுழைவதைப் பற்றிய தரம் மட்டுமே. ஹீட்டர் சூடாகும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. அணைத்தபின் குளிரும்போது வெளிக்காற்று தன்னிலுள்ள ஆவியோடு உள்ளே இழுக்கப்படுகிறது. முறையாகச் செய்த ஃபிளேம்ப்ரூஃப் பெட்டிகூட வாயு நுழைவதைத் தடுப்பதில்லை. உள்ளே வெடித்தால் அந்த அழுத்தத்தைத் தாங்கி, வெளியேறும் கொதிவாயுவை மூடியின் குறுகிய இடைவெளியில் குளிரவைத்து, வெளியே நிற்கும் கலவை பற்றாமல் காப்பதே அதன் வேலை. உங்கள் பெட்டி அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல, சோதிக்கப்பட்டதும் அல்ல. மேலும், ஹீட்டரைப் பொறுத்தவரை பொறி பறக்க வேண்டும் என்பதே இல்லை. அதன் வெளிப்பரப்பின் சூடு ஒன்றே ஆவியைப் பற்றவைக்கப் போதும். இதையெல்லாம் வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: டி6 வகுப்பு ஹீட்டர்தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது, அதை வாங்கினால் எந்த வாயுவுக்கும் கவலையில்லை என்கிறார் விற்பனையாளர். உண்மையா? (கொள்முதல் அலுவலர்)

பதில்: பாதி உண்மை, அதுவும் ஆபத்தான பாதி. வெப்பநிலை வகுப்பு என்பது கருவியின் பரப்பு எட்டக்கூடிய உச்ச வெப்பநிலையைச் சொல்கிறது: டி1க்கு 450 பாகை செல்சியஸ், டி2க்கு 300, டி3க்கு 200, டி4க்கு 135, டி5க்கு 100, டி6க்கு 85. உங்கள் வாயு தானாகப் பற்றும் வெப்பநிலை இந்த எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். கார்பன் டைசல்ஃபைடு ஏறத்தாழ 90 பாகையிலேயே பற்றிக்கொள்ளும் என்பதால் அதற்கு டி6 தவிர வேறு வழியில்லை. ஹைட்ரஜனோ 560 பாகை வரை தாங்கும். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் அதற்கு டி1 போதும். ஆனால் மிகச் சிறிய இடைவெளி வழியாகவும் ஹைட்ரஜன் தீயைக் கடத்திவிடும் என்பதால், வாயுக்களுக்கான இரண்டாம் குழுவின் சி பிரிவுக்குச் சோதித்த பெட்டி அதற்கு வேண்டும். புரோப்பேனுக்கு ஏற்ற ஏ பிரிவுப் பெட்டியோ எத்திலீனுக்கு ஏற்ற பி பிரிவுப் பெட்டியோ உதவாது. ஆக, வகுப்பு வேறு, பிரிவு வேறு. இரண்டும் தனித்தனியே பொருந்த வேண்டும். ஹீட்டரின் விவரத் தகட்டில் டி6 என்று இருப்பது பிரிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. பரப்பு 85 பாகையைத் தாண்டக் கூடாது என்றால், தேவையான வெப்பத்தைத் தர ஹீட்டரின் பரப்பளவு மிகப் பெரிதாக வேண்டும். தேவையில்லாத இடத்தில் டி6 வாங்கினால் பெரிய உருவத்தையும் குறைந்த வெப்பத்தையும்தான் வாங்குவீர்கள். ஹீட்டர் நிற்கும் இடத்தின் வெப்பநிலையையும் பாருங்கள்: தகட்டில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், சுற்றுப்புறம் மைனஸ் 20 முதல் 40 பாகை வரை இருக்கும் என்று கொண்டே சான்று அளிக்கப்பட்டிருக்கும். கொதிகலனுக்கு அருகே அந்த வரம்பு எளிதில் மீறப்படும்.

கேள்வி: எங்கள் பகுதி ஜோன் 1ஆ ஜோன் 2ஆ என்று தெரியவில்லை. ஹீட்டர் விற்பவரே வந்து பார்த்துச் சொல்லட்டுமா? (உற்பத்தி மேலாளர்)

பதில்: வேண்டாம். அந்த வகைப்படுத்தல் ஆலையை நடத்துபவரின் பொறுப்பு. வாயு எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் வெளிப்படும் என்பதையும் காற்றோட்டத்தையும் கணக்கிட்டு, தகுதியுள்ளவர் வரைபடமாக்கித் தர வேண்டிய வேலை அது. வெடிகலவை எப்போதும் அல்லது நீண்ட நேரம் நிற்கும் இடம் ஜோன் 0. வழக்கமான இயக்கத்திலேயே அவ்வப்போது உருவாகக்கூடிய இடம் ஜோன் 1. வழக்கமாக உருவாகாது, உருவானாலும் சிறிது நேரமே நிற்கும் என்ற இடம் ஜோன் 2. வரைபடம் கையில் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, ஹீட்டரை அந்த எல்லைக்கு வெளியே வைக்க முடியாதா என்பதுதான். வெளியே தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே உள்ளே கொண்டுபோனால், குழாயின் வெப்பநிலையை மட்டும் கவனித்தால் போதும். பல இடங்களில் இதுவே நல்ல வழி. இதைச் சொல்லும் விற்பனையாளரை நான் நம்புவேன்.

கேள்வி: கரைப்பானை மீட்டெடுக்கும் சிறு கூடம் நடத்துகிறேன். தொட்டிக்குள் அமிழும் ஹீட்டருக்குச் சான்றிதழோடு முழுத் தொகையும் கொடுத்து வாங்கினேன். ஆய்வுக்கு வந்தவர், சான்றிதழ் இணைப்புப் பெட்டிக்கு மட்டும்தான், ஹீட்டருக்கு இல்லை என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டார். விற்றவர், பெட்டிக்குச் சான்று இருந்தால் எல்லாவற்றுக்கும் இருப்பதாகத்தான் அர்த்தம் என்கிறார். நான் என்ன செய்வது? (சிறுதொழில் உரிமையாளர்)

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. சான்றிதழ் கேட்டீர்கள், அவர்கள் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள், அது வேறொரு பொருளின் சான்றிதழ். இந்தத் துறையில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் ஏமாற்று இது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபிளேம்ப்ரூஃப் பெட்டியை ஒரு நிறுவனம் வெற்றுப் பெட்டியாகச் செய்து, அதற்கு உதிரிப்பாகச் சான்று பெறுகிறது. அத்தகைய சான்றிதழ் எண்ணின் கடைசியில் ‘யு’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இது முழுக் கருவி அல்ல, மேலும் சோதிக்கப்பட வேண்டிய ஒரு பாகம் மட்டுமே என்பதற்கான அடையாளம் அது. அந்தப் பெட்டியை வாங்கி, அதன் அடியில் தான் செய்த வெப்பக் கம்பிகளைப் பொருத்தும் இன்னொருவர், பெட்டியும் கம்பிகளும் சேர்ந்த முழு ஹீட்டருக்கும் புதிதாகச் சான்று பெற வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவையும் காலத்தையும் தவிர்க்கத்தான் பெட்டியின் காகிதத்தையே நகலெடுத்து உங்கள் கையில் கொடுக்கிறார்கள். பெட்டியின் தகட்டில் டி6 என்று இருக்கலாம். ஒரு சில டெர்மினல்கள் மட்டும் உள்ள பெட்டி எவ்வளவு சூடாகும் என்பதை அது சொல்கிறது. ஆனால் உங்கள் ஹீட்டரில் மிகச் சூடான இடம் பெட்டி அல்ல, திரவத்துக்குள் இருக்கும் கம்பியின் உறை. மேலும் கம்பியிலிருந்து மேலேறும் வெப்பம் பெட்டியையும் சேர்த்துச் சூடாக்கும். இந்த இரண்டையும் பெட்டிக்காரர் சோதிக்கவே இல்லை.

நான் பொறுப்பு வகித்த ஓர் ஆலைக்கு வாங்கிய ஹீட்டரும் இப்படித்தான் வந்தது. சான்றிதழின் இணைப்புப் பக்கங்களில் ஹீட்டர் என்ற சொல்லே இல்லை. மின்திறனும் இல்லை, மின்னழுத்தமும் இல்லை. விற்ற நிறுவனம் எங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதையே நிறுத்திக்கொண்டது. அந்த ஹீட்டரை நாங்கள் ஒருபோதும் இயக்கவில்லை, போட்ட பணமும் திரும்பவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஹீட்டரின் தகட்டையும் சான்றிதழின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழு ஹீட்டருக்குமான சான்றிதழைத் தர வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று விற்றவருக்குத் தேதியிட்டு எழுதுங்கள். சான்றிதழை வழங்கிய அமைப்புக்கும் அதே படங்களை அனுப்புங்கள். தங்கள் சான்று வேறு பொருளுக்குப் பயன்படுத்தப்படுவதை அவர்கள் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வெடிவாயுப் பகுதிக் கருவிகளுக்கான சர்வதேசச் சான்று முறையான ஐஇசிஇஎக்ஸ் முறையில் வழங்கிய சான்றிதழாக இருந்தால் அதன் எண்ணை இணையத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம்; எந்தப் பொருளுக்கு, எந்த நிபந்தனைகளோடு கொடுக்கப்பட்டது என்பது அங்கே தெரியும். எண்ணின் கடைசியில் ‘எக்ஸ்’ என்ற எழுத்து இருந்தால் அது குறையைக் குறிப்பது அல்ல. பயன்பாட்டுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்பதன் அடையாளம். அந்த நிபந்தனைகளை வரி விடாமல் படித்து நிறைவேற்ற வேண்டும்.

கேள்வி: இணைப்புப் பெட்டி மூடியின் போல்ட்டுகளில் இரண்டு தொலைந்துவிட்டன. புதியவை வரும்வரை மற்றவற்றை இறுக்கிக்கொண்டு ஓட்டலாமா? (ஷிஃப்ட் மேற்பார்வையாளர்)

பதில்: கூடாது.

கேள்வி: விசிறியோடு கூடிய ஹீட்டர் அடிக்கடி டிரிப் ஆகிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிவெப்பக் கட்-ஆஃபைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டார். அதன் பிறகு நன்றாக ஓடுகிறது. தரமில்லாத கட்-ஆஃபைக் கொடுத்த உற்பத்தியாளர் மேல் புகார் செய்யலாமா? (தொழிற்கூட உரிமையாளர்)

பதில்: உங்கள் ஹீட்டரின் வெப்பநிலை வகுப்பே அந்தக் கட்-ஆஃபை நம்பித்தான் கொடுக்கப்பட்டது. அதை நேரடியாக இணைத்த நொடியில் சான்றிதழ் செல்லாததாகிவிட்டது. தகட்டில் என்ன எழுதியிருந்தாலும் இப்போது உங்கள் கூடத்தில் இருப்பது கட்டுப்பாடற்ற வெப்பமூலம். உடனே நிறுத்துங்கள். உற்பத்தியாளர் மேல் புகார் செய்ய இதில் எதுவும் இல்லை. அவர் கொடுத்த கருவி உங்களைப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

டிரிப் ஆவதற்கான காரணத்தை இனியாவது தேடுங்கள். துடுப்புகளில் தூசி படிந்து காற்று போக வழியில்லாமல் இருக்கலாம். பெட்டிகளை அருகில் அடுக்கியிருக்கலாம். மும்முனை இணைப்பில் இரண்டு முனைகள் மாறி விசிறி தலைகீழாகச் சுற்றலாம். அப்போதும் கொஞ்சம் காற்று வரும் என்பதால் பலர் கவனிப்பதில்லை. மின்னழுத்தத்தையும் அளந்து பாருங்கள். மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 380 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டரில் 415 வோல்ட் கொடுத்தால் அது ஏறத்தாழ 19 விழுக்காடு அதிக வெப்பத்தை உமிழும். விசிறி நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி இன்டர்லாக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கட்-ஆஃப் கையால் மட்டுமே ரீசெட் ஆகும் வகையில் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

கேள்வி: ஈரமான கிடங்கில் பல மாதங்கள் கிடந்த புது ஹீட்டரை மெக்கரில் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) சோதித்தால் இன்சுலேஷன் மிகக் குறைவாகக் காட்டுகிறது. பழுதானதை விற்றுவிட்டார்களா? (பராமரிப்புப் பொறியாளர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. கம்பியைச் சுற்றி நிரப்பிய மெக்னீசியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாதுகாப்பான இடத்தில், தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையில் உலர்த்தினால் அளவு மீண்டும் ஏறும். உலர்த்திய பின்னும் ஏறாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். மெக்கர் அளிக்கும் மின்னழுத்தமே பொறியை உண்டாக்கக்கூடும் என்பதால், வாயு இல்லை என்று அளந்து உறுதிசெய்து அனுமதிச் சீட்டு பெறாமல் ஆபத்துப் பகுதிக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள். மின்மூலத்தின் ஒரு புள்ளி நேரடியாக நிலத்தோடு இணைந்திருக்கும் டிஎன் அல்லது டிடி எர்த்திங் முறையில் இயங்கும் மின்தடை ஹீட்டர்களுக்கு, 100 மில்லிஆம்பியரைத் தாண்டாத எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு (நிலத்துக்குக் கசியும் மின்னோட்டத்தைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிப்பது) வேண்டும் என்கிறது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் நெறியான ஐஇசி 60079-14. 30 மில்லிஆம்பியராக இருப்பது மேலும் நல்லது. ஈரத்தோடு ஓட்டினால் அது டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். அப்போது யாரேனும் அதையும் நேரடியாக இணைக்கத் துணிவார்கள்.

கேள்வி: வாயுவுக்குச் சான்று பெற்ற ஹீட்டரைத் தானியத் தூசி உள்ள கூடத்தில் வைக்கலாமா? (தர ஆய்வாளர்)

பதில்: அந்தச் சான்று மட்டும் போதாது; தூசிக்கு மூன்றாம் குழு என்று தனிச் சான்று உண்டு, அதையும் பெற்ற ஹீட்டர் வேண்டும். தூசி காற்றில் பறப்பதோடு நிற்காமல் ஹீட்டரின் மேல் படிந்து, வெப்பம் வெளியேறாமல் மூடி, மெல்லக் கனலத் தொடங்கும். 5 மில்லிமீட்டர் படிவு கனலும் வெப்பநிலையிலிருந்து 75 பாகையைக் கழித்த அளவும், தூசி மேகம் பற்றும் வெப்பநிலையில் மூன்றில் இரண்டு பங்கும் கணக்கிட்டு, இவற்றில் குறைவானதை ஹீட்டரின் பரப்பு தாண்டக் கூடாது. படிவு தடித்தால் இந்தக் கணக்கு செல்லாது. எனவே துடைக்கும் வேலையைப் பராமரிப்பு அட்டவணையில் ஏற்றுங்கள்.

கேள்வி: எரிந்துபோன கம்பிகளை வெளியே கொடுத்து அதே அளவில் செய்து வாங்கி மாட்டினால் பாதிச் செலவில் முடிகிறது. தவறா? (பராமரிப்பு மேலாளர்)

பதில்: தவறு. நீளமும் விட்டமும் ஒன்றாக இருந்தாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட் என்பது மாறினால் உறையின் சூடு மாறிவிடும். தயாரிப்பாளரின் கம்பிகளையே வாங்குங்கள், அல்லது ஐஇசி 60079-19 நெறிப்படி பழுதுபார்க்கும் தகுதியுள்ள பட்டறைக்கு அனுப்புங்கள். திரவத்தின் மட்டம் இறங்கி, நனையாமல் வெளியே நின்ற கம்பிதான் எரிந்ததா என்பதையும் பாருங்கள். அப்படியானால் மட்டம் குறைந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் உங்கள் தொட்டியில் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யாமல் புதுக் கம்பியை மாட்டினால் அதுவும் எரியும்.

கேள்வி: ஹீட்டரின் இணைப்புப் பெட்டியில் கேபிளுக்கு இரண்டு துளைகள் இருக்கின்றன. ஒன்றைத்தான் பயன்படுத்துகிறோம். மற்றதில் பிளாஸ்டிக் பிளக் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியே விடலாமா? (பயிற்சிப் பொறியாளர்)

பதில்: கேட்டது நல்லது, அனுபவமுள்ளவர்களே இதைக் கவனிக்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் பிளக், பொருள் வண்டியில் வரும்போது மரையில் தூசி படியாமல் இருக்க வைத்தது. உள்ளே வெடித்தால் முதலில் பறப்பது அதுதான். பிறகு அந்தத் துளை வழியே தீ நேராக வெளியே வரும். பெட்டியின் வகைக்கும் பிரிவுக்கும் சான்று பெற்ற உலோகப் பிளக்கை அங்கே போடுங்கள். பயன்படுத்தும் துளையில் கேபிளைப் பிடித்து இறுக்கப் போடும் கேபிள் கிளாண்டும் அவ்வாறே சான்று பெற்றதாக இருக்க வேண்டும். மரையின் அளவை வரைபடத்தில் பார்த்து வாங்குங்கள், ஏனெனில் எம்20 என்ற மெட்ரிக் மரையும் அரை அங்குல என்பிடி என்ற அமெரிக்கக் குழாய் மரையும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். பொருந்தாததை டேப் சுற்றி இறுக்கினால் அது வெடிப்பைத் தாங்காது. சரியான பிளக் வரும்வரை ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.