ரூம் வாடகைய மட்டும் பாக்காதீங்க, காரையும் முட்டியையும் சேத்து கணக்கு போடுங்க

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எனக்கு 66, வீட்டுக்காரருக்கு 71. பெரிய சிட்டி ஒண்ணுக்கு எங்க கார்லயே போறோம், நாலு ராத்திரி தங்கணும். ஊருக்கு நடுவுல ஒரு லாட்ஜ் சீப்பா கிடைக்குது, ஆனா காரை பக்கத்து தெருவுல காசு கட்டி விடணுமாம். ஊர் ஓரத்துல மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு, வாடகை கொஞ்சம் ஜாஸ்தி, பார்க்கிங் அதுலயே சேத்தி. அவருக்கு முட்டி வலி வேற. எதை எடுக்கலாம்?"

அம்மா, ஊர் ஓரத்தையே எடுங்க. ஏன்னு சொல்றேன்.

நடு ஊர் ரூம் ஒரு ராத்திரிக்கு 100, பார்க்கிங் ஒரு நாளைக்கு 35ன்னு வெச்சுக்கோங்க. நாலு ராத்திரிக்கு ரூம் 400, பார்க்கிங் 140, மொத்தம் 540ன்னு தான எல்லாரும் போடுவோம், ஆனா சில இடத்துல நாள் கணக்கு ராத்திரி 12 மணிக்கு மாறிடும், நீங்க சாயங்காலம் போய் அஞ்சாம் நாள் காலைல கிளம்பினா அது அஞ்சு நாள், அப்ப 575. இன்னும் சில இடத்துல ஒரு தடவை காரை வெளிய எடுத்துட்டு திரும்ப உள்ள வந்தா புதுசா காசு, அதைக் கேக்காம விட்டவங்க தினம் ரெண்டு தடவை கட்டிட்டு வந்த கதையெல்லாம் உண்டு. ஓரத்து ரூம் 130ன்னாலும் நாலு ராத்திரிக்கு 520 தான், மிச்சம் இருக்குற 55ல ரெண்டு பேரோட மெட்ரோ டிக்கெட்ல பாதியாவது வந்துரும். உங்க ஊர் ரேட்டை வெச்சு இதே மாதிரி ஒரு தடவை பேப்பர்ல எழுதிப் பாருங்க.

இன்னொரு விஷயம், பெரிய சிட்டி நடுவுல கார் நமக்கு உதவியே இல்ல, சுமை. லண்டன்ல 2003லேர்ந்தே சென்ட்ருக்குள்ள கார் நுழையறதுக்கு தனி சார்ஜ் இருக்கு, ஸ்டாக்ஹோம், மிலன்ல எல்லாம் இருக்கு, நியூயார்க்ல 2025 ஜனவரில ஆரம்பிச்சுட்டாங்க. கேமரா நம்பர் பிளேட்டை படம் புடிச்சுக்கும், வீட்டுக்கு வந்தப்புறம் தான் பில்லோ அபராதமோ வரும். நீங்க போற ஊர்ல அப்படி ஏதாவது உண்டான்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துருங்க.

சரி, பார்க்கிங் "இருக்கு"ன்னு போட்டிருந்தா அதுக்கு பல அர்த்தம் உண்டு. இடம் இருந்தா தருவோம்னு அர்த்தம் இருக்கலாம், ரோட்டோரமா விடுங்கன்னு அர்த்தம் இருக்கலாம், சாவிய குடுத்துட்டு போங்கன்னும் இருக்கலாம். அதனால "எங்களுக்குன்னு இடம் எடுத்து வெப்பீங்களா, பில்டிங்குக்குள்ளயா, அங்கேர்ந்து ரூமுக்கு லிஃப்ட்ல வரலாமா"ன்னு மூணையும் கேளுங்க. கார் மேல லக்கேஜ் பெட்டி மாட்டுற பழக்கம் இருந்தா உயரத்தையும் கேக்கணும், நிறைய பேஸ்மென்ட்ல 2 மீட்டர் சொச்சம் தான் விடுவாங்க, சரிவுல பாதி இறங்கிட்டு ரிவர்ஸ் எடுக்குறது 71 வயசுல தேவையில்லாத வேலை.

மெட்ரோ ஸ்டேஷன்லயே காரை விட்டுட்டு போற வசதி இருக்கே, அதுல விட்டா என்னன்னு தோணும். பகல்ல விடலாம், ராத்திரி விடக்கூடாதுன்னு நிறைய இடத்துல ரூல், போர்டை படிச்சுட்டு விடுங்க. எங்க விட்டாலும் எந்த லெவல், எந்த தூண் நம்பர்னு போன்ல ஒரு போட்டோ.

இனி முட்டி. இங்க தான் பெரும்பாலானவங்க ஏமாறுறாங்க, நானும் ஏமாந்திருக்கேன். எங்கப்பாவ கூட்டிட்டு போனப்ப போன்ல "லிஃப்ட் இருக்கு சார்"னு சொன்னாங்க, பொய் இல்ல, இருந்துச்சு, ஆனா முதல் மாடிலேர்ந்து தான் லிஃப்டே ஆரம்பம். ரோட்லேர்ந்து அது வரைக்கும் 16 படி, கைப்பிடி ஒரே பக்கம். அப்பா நாலு படிக்கு ஒரு தடவை நின்னு சட்டைப் பைல எதையோ தேடுற மாதிரி தேடினாரு, மூச்சு வாங்குறதை எங்க கிட்ட காட்டக் கூடாதாம். அதுலேர்ந்து நான் லிஃப்ட் இருக்கான்னு கேக்குறதே இல்ல, "கார் நிக்குற இடத்துலேர்ந்து கட்டில் வரைக்கும் மொத்தம் எத்தனை படி"ன்னு தான் கேப்பேன். எண்ணிப் பாத்து சொல்றவங்க கிட்ட தைரியமா புக் பண்ணலாம்.

பாத்ரூமையும் அப்படித்தான். குளிக்கற தொட்டி இருந்தா வேண்டாம்னு சொல்லுங்க, அந்த விளிம்பு கிட்டத்தட்ட முழங்கால் உயரம், ஈரக்காலோட அதை தாண்டறது தான் ஆபத்து. ஷவர் தரையோட தரையா இருக்கணும், புடிச்சுக்க கம்பி இருந்தா ரொம்ப நல்லது. டவல் மாட்டுற கம்பிய நம்பி சாயாதீங்க, அது வெயிட் தாங்காது. ராத்திரி பாத்ரூம் போக பிளக்ல சொருகுற சின்ன லைட் ஒண்ணு வீட்லேர்ந்தே கொண்டு போங்க. ரூம் லிஃப்டுக்கு பக்கத்துல வேணும், ஆனா ஒட்டி வேண்டாம், ராத்திரி பூரா டிங் டிங்னு கேக்கும், ரெண்டு மூணு கதவு தள்ளி கேளுங்க.

இன்னும் சீப்பா வேணும்னா ஆபீஸ் ஏரியா ஹோட்டல்கள் சனி ஞாயிறுல பெரும்பாலும் இறங்கும், டூரிஸ்ட் ஏரியா வார நாள்ல இறங்கும். காலேஜ் ஹாஸ்டல் ரூம்கள லீவுல வாடகைக்கு விடுற ஊர்களும் உண்டு. யூத் ஹாஸ்டல்னு பேரைப் பாத்து ஒதுங்கிடாதீங்க, அநேகமா மேல் வயசு வரம்பு கிடையாது, தனி ரூமும் தருவாங்க, மேல் பெர்த் மாதிரி கட்டில் இல்லாததா கேட்டு வாங்குங்க. சீனியர் டிஸ்கவுண்ட் நாம கேட்டா தான் சொல்லுவாங்க, ஆனா அதுக்காக கேன்சல் பண்ண முடியாத ரேட்டுல போய் மாட்டிக்காதீங்க, நம்ம வயசுல கிளம்பற அன்னிக்கு காலைல கூட பிளான் மாறும்.

போற அன்னிக்கு வெளிச்சம் இருக்கும்போதே, ஆபீஸ் விடுற நேரத்துக்கு முன்னாடி ஊருக்குள்ள நுழையற மாதிரி கிளம்புங்க. ரூம் பெரும்பாலும் மத்தியானம் 2, 3 மணிக்கு தான் தருவாங்க, கொஞ்சம் முன்னாடி வந்தா உக்கார இடம் இருக்குமான்னும் அதே போன்ல கேட்டுருங்க. ஸ்டேஷன்ல லிஃப்டோ எஸ்கலேட்டரோ ஓடுதான்னும் அவங்களுக்கே தெரியும், பக்கத்துல தான இருக்காங்க. அங்க படி மட்டும் தான்னா சொல்லுங்க, அப்ப நான் சொன்ன கணக்கையே திருப்பிப் போடணும்.