நடக்கத் தெரியாத குழந்தைகள் இருக்கும் காப்பகத்தில் தீ விபத்து ஒத்திகை தேவையா?

தேவைதான். சொல்லப்போனால் அவர்களுக்காகத்தான் முதலில் வேண்டும். ஓர் ஆள் இரண்டு கைக்குழந்தைகளுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதனால் சக்கரம் வைத்த தொட்டிலில் நான்கைந்து பேரை ஏற்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். வாங்கும் முன் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள். வழியில் படி இருந்தால் அந்தத் தொட்டில் உதவாது.

நடக்கிற வாண்டுகளிடம் வேறு சிக்கல். பயந்தால் வெளியே ஓடாமல் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொள்வார்கள். அலாரம் சத்தத்தை முன்பே பழக்குங்கள். கடைசியாக வெளியேறும் ஆசிரியர், தீ நெருங்காதவரை, கழிப்பறை, மேசையடி எல்லாம் பார்த்துவிட்டு வரட்டும். தூங்கும் நேரத்திலும் ஓர் ஒத்திகை வையுங்கள், சிணுங்கல் இருக்கத்தான் செய்யும்.

அப்புறம், வருகைப் பதிவேடு கையோடு வர வேண்டும். பெற்றோர் தவிர யாரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம் என்பதையும் எழுதி வாங்கி அதிலேயே செருகிவிடுங்கள்.