ஆன்லைன் கடைக்குள் அடுத்தவர் விளம்பரமா?

கேள்வி: சுங்குடிச் சேலைகளைச் சொந்த வலைத்தளத்தில் விற்கிறேன். மாதம் பத்தாயிரம் பேர் வருகிறார்கள், வாங்குவது இருநூறு பேர்தான். கூகுள் ஆட்சென்ஸ் (நம் தளத்தில் அடுத்தவர் விளம்பரத்தைக் காட்டி, அதற்குப் பணம் தரும் சேவை) வைத்தால் மீதிப் பேரிடமிருந்தும் ஏதாவது தேறுமா?

பதில்: தேறும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு சேலைக்கு லாபம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இப்போது 30,000 ரூபாய் நிற்கிறது. வருபவர் ஆளுக்கு மூன்று பக்கம் பார்த்தால் மொத்தம் 30,000 பார்வை. ஆயிரம் பார்வைக்கு 60 ரூபாய் என்றே வைப்போம், மாதம் 1,800 ரூபாய். அதாவது பன்னிரண்டு சேலையின் லாபம். இருநூறு பேரில் பதின்மூன்றாவது ஆள் விளம்பரத்தைத் தட்டிவிட்டுப் போனாலே நஷ்டம் ஆரம்பம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1,800 ரூபாயைப் பத்தாயிரம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 18 பைசா. அவர்களில் பலரை இன்ஸ்டாகிராமில் காசு கட்டித்தானே வரவழைத்தீர்கள்? ரூபாய்க் கணக்கில் கொடுத்து அழைத்து வந்தவரைப் பைசாவுக்கு வெளியே அனுப்புவானேன்? அப்புறம், வாங்காமல் போனவர்கள் எல்லாரும் வீண் இல்லை. ஆடியில் பார்த்து வைத்துவிட்டுத் தீபாவளிக்கு வாங்கும் கூட்டம் சேலை வியாபாரத்தில் எப்போதும் உண்டு. நூறு டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணத்தை அனுப்பும் என்பதும் நினைவிருக்கட்டும். இந்த வேகத்தில் அதற்கே நான்கைந்து மாதம் ஆகும்.

கேள்வி: அமேசானே பக்கம் முழுக்க விளம்பரம் போடுகிறதே, நாம் போட்டால் மட்டும் தப்பா?

பதில்: 2024-இல் அமேசானுக்கு விளம்பரத்தில் மட்டும் வந்தது 5,600 கோடி டாலருக்கு மேல். ஆனால் அங்கே விளம்பரம் தருபவர்களில் பெரும்பாலோர் அமேசானுக்குள்ளேயே கடை போட்டவர்கள். தட்டினால் அதே சந்தையில் இன்னொரு பொருள் திறக்கும். எதை வாங்கினாலும் கமிஷன் அமேசானுக்கு. உங்கள் கடையில் தட்டினால் ஆள் தெருவுக்கே போய்விடுகிறார். சந்தை நடத்துபவர் வேறு, சந்தையில் ஒரு கடை வைத்திருப்பவர் வேறு.

போடுவதாக இருந்தால் ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள். விளம்பரத்தை வேறு ஏதோ போல மறைத்துக் காட்டுவதையும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் தடை செய்கின்றன. அதில் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று.

கேள்வி: என் கடைப் பக்கத்திலேயே போட்டிக் கடையின் விளம்பரம் வருகிறது. தடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆட்சென்ஸில் குறிப்பிட்ட தளங்களையும் விளம்பர வகைகளையும் தடுக்கலாம். ஆனால் ஒருவரைத் தடுத்தால் நாளைக்கு இன்னொருவர் வருவார். சேலைப் பக்கம் என்றால் அங்குள்ள விளம்பர இடத்தைச் சேலை விற்பவர்தான் ஏலம் கேட்பார், அதற்குத்தானே அந்த இயந்திரம்!

கேள்வி: பணம் கட்டும் பக்கத்தில் சின்னதாக ஒரு பேனர்?

பதில்: வேண்டவே வேண்டாம். அடுத்தவர் எழுதிய நிரலை (கணினிக் கட்டளைகளை) அந்தப் பக்கத்தில் ஓடவிடுவது கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பதுபோல. பிரிட்டனில் நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் வெளியார் தந்த அரட்டைப் பெட்டியை (சாட்பாட்) அப்படித்தான் வைத்திருந்தது. அதன் வழியாகக் கார்டு விவரங்கள் திருடு போனது 2018-இல் தெரியவந்தது, 2020-இல் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. பேனரும் வெளியார் நிரல்தான்.

கேள்வி: என் தளத்தில் வரும் விளம்பரத்தை நண்பர்களை விட்டுத் தட்டச் சொல்லலாமா?

பதில்: ஆட்சென்ஸ் கணக்கையே மூடிவிடுவார்கள்.

கேள்வி: அப்படியானால் விளம்பரமே கூடாதா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. சேலை பராமரிப்பு, மடிப்பு முறை என்று கட்டுரைகள் எழுதுகிறீர்களா? அங்கே வையுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் படிக்க வந்தவர்கள் அவர்கள். பொருள் பக்கத்தில் விடுவதானால், ரவிக்கை தைப்பவர், கவரிங் நகை விற்பவர் என்று உங்களோடு மோதாத ஒருவரிடம் நேரில் பேசி, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு படம் மட்டும் வையுங்கள். அதையும் இரண்டு வாரம் வைத்து, இரண்டு வாரம் எடுத்து, ஆர்டர் குறைகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.