ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு வந்திருக்கும் அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வது?

அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) முற்றிவிட்டது, ஆக்சிஜன் மெஷினோடு அனுப்பிவிட்டார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் நெஞ்சுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். முக்கூடலில் என் அப்பாவையும் இதே நோயோடு பார்த்தேன்.

டாக்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் என்று எழுதியிருந்தால் 2 லிட்டர்தான். மற்றவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் மெஷினில் (பல்ஸ் ஆக்ஸிமீட்டர்) 95 சதவீதத்துக்கு மேல் இருப்பது நல்லது. சிஓபிடிக்காரர்கள் பலருக்கு 88 முதல் 92 வரை போதும். உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் பட்டுவிட்டோம். பிசான அறுப்பு நேரம், ஊரெல்லாம் தூசி, அப்பாவுக்கு எளப்பு கூடிவிட்டது. எனக்கு நைட் டூட்டி. "மச்சான் இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்காவளே" என்று மாமா, பாசத்தில்தான், 5 லிட்டருக்குக் கூட்டி வைத்துவிட்டார். காலையில் நான் வந்தபோது 97 காட்டியது. ஆனால் அப்பா எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடி சொக்கிப்போனார், தலைவலி என்றார், கை உதறியது. ஆக்சிஜன் கூடிப்போனதால் உடம்பில் கரியமில வாயு ஏறியிருந்தது. மெஷினை அணைக்கவில்லை, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எழுதிய அளவுக்கு இறக்கிவிட்டு 108ஐக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் மூச்சை உள்ளே தள்ள உதவும் பைபாப் மாஸ்க் வைத்து, இரண்டு நாளில் தெளிந்தார். அந்த மயக்கத்தை நல்ல தூக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எளப்பு வரும்போது மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் ஸ்டூலில் தலையணை போட்டு அதில் கையை ஊன்றிக் குனியச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, சூடான கருப்பட்டிக் காப்பியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல விடட்டும்.

வயிறு முட்டச் சோறு வேண்டாம், மூச்சுக்கு இடமிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும். கரண்ட் போனால் மாற்றுக்கு ஒரு சிலிண்டர் இருக்கட்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி மட்டுமில்லை, விளக்கு, ஊதுபத்திகூட ஆகாது. அம்மா பீடி சுற்றும் தட்டைத் திண்ணைக்கு மாற்றினோம், விறகடுப்பைப் புறவாசலுக்குக் கொண்டுபோனோம்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு நாம் எத்தனை தடவை சொல்ல முடியும்? "2 லிட்டர். கூட்டாதீங்க" என்று மெஷின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.