கொழுந்தனாரின் வெள்ளி ரூபாயும் உங்கள் சங்கிலியும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பழைய வெள்ளி ரூபாய் வாங்கி விற்கலாம் என்று கொழுந்தனார் கேட்டதால், நகையை அடகு வைத்து 2 லட்சம் கொடுத்தேன். ஒன்று 5,000 வீதம் 40 நாணயம் வாங்கினார். எல்லாம் விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவை. பாதி போலி என்று இப்போது சொல்கிறார்கள். பவுன் விலை ஏறியதால் அதே நகையின் மேல் இன்னும் பணம் எடுத்து, 1939-ஆம் வருஷ ரூபாய் ஒன்று வாங்கினால் நஷ்டம் தீரும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. போலி நாணயத்தைவிட, பவுன் ஏறும்போதெல்லாம் அதே நகைக்கு மேல்பணம் வாங்குவதுதான் உங்களைக் கரைக்கிறது. மாதம் 1 சதவீதம் என்றால் வருஷ வட்டி 24,000. அசல் அப்படியே நிற்கும். வட்டியை ஈடுகட்டவே ஒவ்வொரு நாணயமும் அடுத்த வருஷம் 5,600-க்குப் போகவேண்டும்.

போகாது. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவீதம், அதாவது 10.7 கிராம். கிராம் 200 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 2,140 தான். நாற்பதும் அசலாகவே இருந்தாலும் சுமார் 85,000. சாதாரண வருஷங்களுக்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக யாரும் தரமாட்டார்கள்.

முதலில் பிரித்துப் பாருங்கள். 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். அசல் வெள்ளி 1.13 கிராம் அளவில் காட்டும். அதே எடைக்கு 1.3 காட்டினால் செம்பு-நிக்கல் கலவையாக இருக்கலாம். காந்தம் ஒட்டவில்லை என்பதை நம்பாதீர்கள், செம்பிலும் ஒட்டாது. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி அராவிய கோடு தெரியும், எழுத்து மழுங்கியிருக்கும், பரப்பில் பொடித் துளைகள் இருக்கும். இரண்டு நாணயத்தில் ஒரே இடத்தில் ஒரே கீறல் என்றால் இரண்டும் ஒரே அச்சுவார்ப்பு. பளபளக்க வைக்கப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அசலுக்கும் மதிப்பு போய்விடும்.

1939 ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனால்தான் 1938-இன் 8-ஐச் சுரண்டி 9 ஆக்குகிறார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'டூல்டு' என்பார்கள். வெள்ளி அசல்தானே, தண்ணீர்ச் சோதனையில் தேறிவிடும். லென்ஸில் அந்த எண்ணைச் சுற்றிய பரப்பைப் பாருங்கள், தோண்டிய தடம் இருக்கும்.

கொழுந்தனாரிடம் ரசீதைக் கேளுங்கள். 'ரெப்ளிகா' என்றால் நகல் என்று ஒப்புக்கொண்டே விற்றது. 'ரீஸ்ட்ரைக்' என்றால் நாணயச் சாலையே பழைய அச்சில் பின்னாளில் அடித்தது. 'டோக்கன்' என்றால் ராமர் பட்டாபிஷேகம் போட்ட வில்லை மாதிரி, நாணயமே அல்ல. இந்தச் சொல் எதுவும் எழுதாமல் வெள்ளி ரூபாய் என்று மட்டும் இருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்குப் பிடி இருக்கிறது.

போலியல்லாத நாணயங்களை பாலக்காட்டிலோ கோவையிலோ இரண்டு கடையில் விலை கேட்டு விற்று, வந்த பணத்தை நேராகக் கடனின் அசலில் கட்டுங்கள். நாற்பதும் தேறி 85,000 கட்டினால் மீதி 1,15,000. மாதம் 5,000 கட்டினால் வட்டியோடு இரண்டு வருஷம் மூன்று மாதத்தில் தீரும். போலி இருந்தால் மாதங்கள் கூடும், ஆனாலும் தீரும். மேல்பணம் வேண்டாம் என்று கடன் தந்த இடத்தில் எழுதிக் கொடுங்கள். இந்த மாத வட்டியிலிருந்து பாதியைக் கொழுந்தனார் கொண்டுவரட்டும்.